திருச்சியில் விமானம் ஏறும் முன்பே பணத்துக்கு வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும், முதன்முறை வேலைக்குப் போகும் இளைஞர்களுமாகத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் கிளம்புகிறவர்கள் ஏராளம். விசா, டிக்கெட், பெட்டியின் எடை என்று எல்லாவற்றையும் பலமுறை சரிபார்க்கும் குடும்பங்கள், பணத்தை மட்டும் கடைசி நாளுக்கு விட்டுவிடுகின்றன. அந்த அவசரத்தில்தான் ஆயிரக்கணக்கில் காசு கரைகிறது. அதைத் தடுக்கச் செய்ய வேண்டியதெல்லாம் ஊரில் இருந்தபடியே, ஒரு வாரம் முன்னதாகச் செய்யக்கூடியவை.

எந்த நாட்டுக்குப் போனாலும் அமெரிக்க டாலர்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. ரூபாயை டாலராக்கி, அங்கே இறங்கி டாலரை ரிங்கிட் ஆக்கினால், மாற்றுகிறவருக்கு இரண்டு முறை கூலி கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் 2 சதவீதம் போனாலே ஒரு லட்சத்துக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய் நட்டம். சிங்கப்பூருக்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மலேசியாவுக்கு ரிங்கிட், துபாய்க்குத் திர்ஹாம் என்று நேராகவே வாங்குங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போகிறவர்களுக்கு மட்டும் டாலர் சரி. இலங்கை ரூபாயை இங்கே தேடி அலைவதைவிட டாலரோடு போய், அங்குள்ள வங்கியில் மாற்றிக்கொள்வது நல்லது.

டாலர் தாளை வாங்கும்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். பேனாக் கிறுக்கல், ரப்பர் முத்திரை, பின் குத்திய ஓட்டை, ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தால் வெளிநாட்டு மாற்றுக் கடைகள் பல அதைத் திருப்பித் தந்துவிடும், அல்லது விலையைக் குறைக்கும். 100 டாலர் என்றால் 2013 முதல் வெளிவரும், நடுவில் நீலப் பட்டை ஓடும் தாளாகக் கேட்டு வாங்குங்கள். பழைய தாள் செல்லாது என்று அமெரிக்கா சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் வாங்க மறுத்தால் நாம் என்ன செய்ய முடியும்?

விலை நியாயமா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். கடையில் விற்கும் விலையையும் வாங்கும் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு வெள்ளியை 70 ரூபாய்க்கு விற்று, 66 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலை 68. வெள்ளிக்கு 2 ரூபாய், அதாவது சுமார் 3 சதவீதம் உங்களிடமிருந்து போகிறது. ‘கமிஷன் இல்லை’ என்று பலகை வைத்திருந்தாலும் கமிஷன் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. விமான நிலையக் கவுன்ட்டர்களில் இந்த இடைவெளி பொதுவாக இன்னும் அகலம். ஜிஎஸ்டி தனி, ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய்.

வங்கியிலோ, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மாற்றுக் கடையிலோ மட்டும் வாங்கி, ரசீதைப் பயணம் முடியும் வரை வைத்திருங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு, வெளிநாட்டுப் பணம் வாங்க நிரப்பித் தரும் ஏ2 படிவம் தேவை. பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்து வாங்கலாம். தொகை 50,000 ரூபாயைத் தொட்டால் ரொக்கமாகக் கட்ட முடியாது. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம்தான். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்குத் தாளாக 3,000 டாலர் மதிப்பு வரைதான் தருவார்கள். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இதில் விலக்கு உண்டு. இந்திய ரூபாயாகக் கையில் 25,000-க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. உண்டியல்காரரிடம் (உரிமமின்றிப் பணம் மாற்றுகிறவர், ஹவாலா) ரசீதில்லாமல் மாற்றுவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் அறிமுகமில்லாதவர் ‘அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்’ என்று கொடுக்கும் பணக்கட்டை வாங்கினால், சுங்கத்துறை கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கையில் வைத்திருப்பவர்தான்.

கார்டு விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தவிக்கிறார்கள். 2020 அக்டோபர் முதல், புதிதாகத் தரும் எந்தக் கார்டும் உள்நாட்டில் மட்டும் வேலை செய்யும்படியே வருகிறது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்க வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன், தட்டிக் கட்டும் வசதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். நான்கையும் பார்த்து, தினசரி வரம்பையும் சரிசெய்யுங்கள். கூட்டுறவு வங்கிகளும் ஜன்தன் கணக்கும் தரும் சாதாரண ரூபே கார்டு பெரும்பாலும் வெளிநாட்டில் ஓடாது. பின்பக்கம் டிஸ்கவர் சின்னம் இருக்கும் சர்வதேச ரூபே, அல்லது விசா, மாஸ்டர்கார்டு வேண்டும். கணக்கில் பதிவான கைபேசி எண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியச் சிம்மை எடுத்துப் பர்சில் போட்டுவிட்டால் ஓடிபி வராது. ரோமிங்கை இங்கேயே திறந்து, அந்தச் சிம்மைக் கைபேசியின் இரண்டாவது சிம் இடத்தில் விட்டு, டேட்டாவை மட்டும் அந்த ஊர்ச் சிம்மில் ஓட்டுங்கள்.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டில் மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம். 50,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 3.5 சதவீதக் கார்டில் 1,750 ரூபாயும், அதன்மேல் ஜிஎஸ்டி 315 ரூபாயும் போகும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.

கடையில் கார்டைச் செருகியதும் இயந்திரத் திரையில் இரண்டு தொகை தெரியும்: ஒன்று வெள்ளியில், ஒன்று இந்திய ரூபாயில். தெரிந்த காசு என்று ரூபாயை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். அந்த விலை கடைக்காரரின் வங்கி வைத்தது. அதில் கூடுதல் சதவீதம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். நம் வங்கிகள் சில அதன்மேல் தங்கள் கட்டணத்தையும் போடும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே ‘வித்தவுட் கன்வர்ஷன்’ என்பதை அழுத்தினாலும் பணம் வரும். சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நம் வங்கி ஒரு கட்டணம், அந்த வங்கி ஒரு கட்டணம்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு பெற்றோருக்கு ஏற்றது. ஏற்றிய அன்றைய விலையிலேயே நிற்கும். ஆனால் வெள்ளி ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் வேற்று நாணயக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்திலிருந்து மகன் பணம் ஏற்ற நினைத்தால், பல வங்கிகளில் திங்கள்கிழமைதான் ஏறும். ஹோட்டல் முன்பணத்துக்கு இந்தக் கார்டைக் கொடுக்க வேண்டாம். பிடித்துவைத்த தொகை விடுபடப் பல நாள் ஆகும். அதுவரை கையில் இருந்த காசு இல்லாத காசுதான். முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டு போதும்.

சிங்கப்பூரிலும் இலங்கையிலும் சில கடைகளில் யுபிஐ கியூஆர் உண்டு. செயலியில் ‘யுபிஐ இன்டர்நேஷனல்’ திறந்தால்தான் வேலை செய்யும். உபரி வசதியாக வைத்துக்கொள்ளலாம், நம்பிப் போகக் கூடாது.

ரொக்கம் சிங்கப்பூருக்கு ஒருவருக்கு 200 வெள்ளி, 50 மற்றும் 10 வெள்ளித் தாள்களாக இருந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குப் போதும். ரொக்கத்தையும் ஒரு கார்டையும் கைப்பையிலும், இன்னொரு கார்டை வேறு இடத்திலும் வையுங்கள்; செக்-இன் பெட்டியில் எதுவும் வேண்டாம். 1800 என்று தொடங்கும் வங்கி எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. +91 சேர்த்து அழைக்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் தவறில்லாமல் கார்டில் பணம் போனால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் முழுத் தொகையும் நமக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

திரும்பி வருகையில் சில்லறைக் காசை அங்கேயே செலவழியுங்கள். இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். தாளாக 5,000 டாலர் மதிப்புக்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மிச்சத்தில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவையும் வங்கிகள் சொல்லத்தான் செய்கின்றன, ஆங்கிலத்தில், இணையதளத்தின் அடியில். கார்டின் மாற்றுக் கட்டணம், அன்றைய வாங்கும் விலை, விற்கும் விலை, வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண் ஆகிய நான்கையும் தமிழில் எழுதி, டெல்டா மாவட்டக் கிளைகள் ஒவ்வொன்றிலும் கவுன்ட்டருக்கு மேலே மாட்ட வேண்டும். திருச்சி விமான நிலையத்தின் மாற்றுக் கவுன்ட்டர்களிலும் அதே பலகை வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.