சத்தம் நடுவில், வெடி அதைச் சுற்றி

கிளிநொச்சி
ஞாயிறு இரவு

அன்பின் மலர்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பிழை என்னுடையதுதான், நேரில் கண்டால் ஏசு. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பிள்ளைகள் சுகம்.

நீ கண்ணிவெடி அகற்றும் வேலையில் செக்சன் லீடர் ஆகிவிட்டாயாம். சாந்தியக்கா சொல்லித்தான் தெரியும். ஏனடி, எனக்குச் சொல்லக் கூடாதா? பனங்காய்ப் பணியாரம் தராமல் இதிலிருந்து தப்பமாட்டாய். முகமாலைக்குப் புதுப் பிள்ளைகள் வருகினம், டிடெக்டரில் உலோகத்தின் சத்தத்தைப் பிடிக்கினம், ஆனால் அது கிடக்கிற இடத்தைக் குறிக்கத் தடுமாறுகினம் என்று நீ கவலைப்படுவதாகவும் அவ சொன்னா. உன் கவலை சரியானது. கேட்டதிலிருந்து எனக்கும் அதே நினைப்புத்தான்.

முதல் பிழை வேகம். சத்தம் வந்ததும் டிடெக்டரின் தலையை அங்கேயே இடமும் வலமும் ஆட்டி, எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே அடையாளம் வைக்கினம். அது போதாது. தலையை வெளியே எடுத்து, சத்தமே இல்லாத இடத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவரச் சொல்லு. சத்தம் தொடங்குகிற விளிம்புதான் முதல் குறி. இடம், வலம், நாம் நிற்கிற பக்கம் என்று மூன்று பக்கமும் அப்படியே. நாலாவது பக்கம் இன்னும் துப்புரவாக்காத நிலம், அங்கே ஆள் போக முடியாது. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி, தலையை நிலத்தில் முட்டாமல் அப்பால் கொண்டுபோய்த் திரும்ப இழுக்க வேண்டும். நாலு விளிம்புக்கும் நடுவில்தான் உலோகம். குறி வைக்கிற சில்லு பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். ஆணி வைத்தால் அந்த ஆணியே கத்தும்.

இரட்டை டி சுருள், அதாவது டி எழுத்து வடிவில் இரண்டு கம்பிச்சுருள், உள்ள தலை என்றால் வேலை இன்னும் சுலபம். நடுக்கோட்டைத் தாண்டும்போது சத்தம் மாறும், அந்த மாறுகிற புள்ளிதான் இடம். எந்தத் தலை கையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் இரண்டு முறையும் குழம்பிப்போகும்.

இனித்தான் முக்கியமானது. ஆள் மிதித்தால் வெடிக்கிற பி4 வெடி எவ்வளவு பெரிது என்று கையால் அளந்து காட்டு. குறுக்கே ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர், முழுக்கப் பிளாஸ்ரிக். உலோகம் நடுவில் துளியளவுதான். டிடெக்டர் காட்டுவது அந்தத் துளியை, வெடியின் ஓரத்தை அல்ல. குறியை ஒட்டித் தோண்டத் தொடங்கினால் வெடியின் மேல் தட்டிலேயே கை போகும். அந்தத் தட்டுக்குப் பெரிய பாரம் தேவையில்லை. வாகனத்துக்கு வைக்கிற வெடி இதைவிட எத்தனையோ மடங்கு அகலம், அதிலும் சத்தம் சின்ன வட்டமாகவே வரலாம். ஆகவே குறியிலிருந்து உங்கள் நடைமுறைக் கையேடு சொல்லும் தூரம் பின்னுக்கு வந்து, குழியை ஆழமாக்கி, பக்கவாட்டில் அணுக வேண்டும். மேலிருந்து ஒருபோதும் இல்லை. மழை மண்ணை அரித்த இடத்தில் வெடி சரிந்தும் கிடக்கும், அப்போது சத்தத்தின் நடுவும் வெடியின் நடுவும் ஒன்றாக இராது.

சத்தத்தின் வடிவத்தையும் கேட்கப் பழக்கு. தலையை ஒரு சாண் உயர்த்தினால் சட்டென்று அடங்குவது பெரும்பாலும் சின்னது, மேலாகக் கிடப்பது. உயர்த்தியும் கேட்டால் பெரிது. நீண்டு வருவது கம்பியாகவோ பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டாகவோ இருக்கலாம். ஆனால் இதை வைத்து "இது வெறும் சன்னம்" என்று எவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முகமாலை மண்ணில் சன்னமும் செல் துண்டும் எவ்வளவு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நூறாவது துண்டையும் முதலாவது போலவே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதே குழியைத் திரும்பவும் பார்க்க வேண்டும், அடியில் இன்னொன்று கிடக்கலாம்.

ஆழம் கூடக்கூடத் தலைக்குக் கீழே தெரிகிற பரப்பு ஒடுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வீச்சுக்கும் தலையின் பாதி அகலத்துக்கு மேல் முன்னேறக் கூடாது. செம்பாட்டு மண்ணில் இரும்பு கூட, அங்கே போனால் டிடெக்டரை மண்ணுக்கு ஏற்றபடி திரும்பச் சரிசெய்து, சோதனைத் துண்டில் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பற்றரி மாற்றினாலும் அப்படியே. மோதிரம், கைக்கடிகாரம், இரும்பு வைத்த சப்பாத்து எல்லாம் வெளியே. நம்முடைய சங்கிலிக்காரியை ஞாபகம் வைத்திரு!

இன்னொரு பயம். நாட்டில் கண்ணிவெடி அகற்றி முடிக்க வைத்த 2028 யூன் 1 என்ற கெடு கிட்ட வருகிறது. மேலிடத்திலிருந்து சதுர மீற்றர் கணக்குக் கேட்பினம். அந்த அவசரத்தைப் பிள்ளைகளிடம் இறக்காதே, நீயே தாங்கு. உன்னால் முடியும், எனக்குத் தெரியும்.

பயிற்சி லேனில் வெறும் பிளாஸ்ரிக் வட்டுகளுக்கு நடுவில் சின்னக் கம்பித் துண்டு வைத்து வெவ்வேறு ஆழத்தில் புதை. குறி வைத்தபின் தோண்டி, குறிக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்து பேர்பேராக எழுது. முதல் நாள் கணக்கை எனக்கு அனுப்பு. யாருக்கு எந்தப் பக்கம் பிழைக்கிறது என்று இரண்டு பேரும் இருந்து பார்ப்போம்.

சாந்தியக்காவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் வசந்தி