தரமணியில் அச்சுத்தொழில் படிக்கும் மகனுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல். அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது. அம்மா விவரமாக எழுதுவாள். போன வாரம் விடுதிக்குப் போன் செய்தபோது உன் அறைத் தோழன் பேசினான். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னவன், மெஷின் ஹால் என்று ஏதோ தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பதில் நீ கெட்டிக்காரன். தீபாவளிக்கு வந்திருந்தபோது சிவகாசிக் காலண்டர் ஒன்றின் மேல் லென்ஸை வைத்து, நீலம் 15 பாகை, மெஜந்தா 75, கறுப்பு 45, மஞ்சள் 0 என்று ஒவ்வொரு நிறமும் அச்சாகியிருக்கும் புள்ளி வரிசைகளின் கோணத்தை எனக்குக் காட்டினாய். கோணம் பிசகினால் படத்தின் மேல் வலை போர்த்தியதுபோல் தெரியும் என்றாய். ட்ரெடில் அச்சு மெஷினில் ஒரே நிறத்தை ஓட்டிப் பழகிய எனக்கு அது புதிது. மறுநாள் பேப்பர் கடைக்காரரிடம் அதை நானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் புள்ளி தாளில் சுத்தமாக விழுவதற்கு ஆப்செட் மெஷினில் தண்ணீரும் மையும் எந்த அளவில் சேர வேண்டும், தண்ணீர் கூடினால் நிறம் எப்படி வெளுக்கிறது, குறைந்தால் அச்சுப் பிளேட்டில் வெறுமையாக இருக்க வேண்டிய இடமும் எப்படி மை பிடிக்கிறது என்பதெல்லாம் மெஷின் அருகே நின்று பார்ப்பவனுக்கே பிடிபடும். ஆகையால் மெஷின் ஹாலை விட்டுவிடாதே. 1978-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து, எழுத்துக்கு ஓர் அறையாக இருக்கும் கேஸில் போடுவதற்கு மட்டுமே ஆறு மாதம் என்னை விட்டார்கள். அந்த வருடம்தான் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ கிடந்த அறைகளைக் காலி செய்யும் வேலையும் என் தலையில் விழுந்தது. சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. மூன்று வருடம் ஆசிரியர்களை வைத்து வரிசையாகச் சொல்லித் தருவதைத் தவறவிடுகிற பிள்ளைகளை என்னவென்று சொல்வது? உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஓடுகிற ரோலரைத் துணியால் துடைக்காதே. வாட்சைக் கழற்றி வை, சட்டைக் கையை மடித்துவிடு. என் வலது கை நடுவிரலைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் ஹாலுக்கே போகாமலும் இருந்துவிடாதே.

இதை எழுதும்போது அந்தக் கல்யாணப் பத்திரிகைதான் நினைவுக்கு வருகிறது. நீ ஆறாம் வகுப்பில் இருந்தாய். புரூஃபைப் பார்த்து, “அப்பா, தேதிக்கு வெள்ளிக்கிழமைதானே வரும், வியாழன் என்று இருக்கிறதே” என்றாய். வீட்டுப்பாடத்தைப் பார் என்று அதட்டிவிட்டு 600 பத்திரிகையும் ஓட்டி முடித்தேன். பெண் வீட்டார் வந்து கத்தியபோது, பையன் கேஸில் கை வைத்துக் குழப்பிவிட்டான் என்று சொல்லி அவர்கள் எதிரிலேயே உன்னை அடித்தேன். எழுத்துக் கோர்த்தவனும் நான், புரூஃப் திருத்தியவனும் நான். நீ அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு என் கேஸ் பக்கம் வரவும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் இந்தப் படிப்பில்தான் சேர வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்தியபோது அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தவறு என்னுடையது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பரீட்சைக் கட்டணத்துக்கு மணியார்டர் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அங்கே என்ன நடந்திருந்தாலும் என்னிடம் சொல்லலாம், நான் யாரிடமும் கத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்குப் போன் செய். மணி அடிப்பது கேட்கும்படி ட்ரெடிலை நிறுத்தி வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா