கறுப்பு பியரை உறைய வைக்காதீர்கள்: உப்புவெளி, நிலாவெளி விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒருவரின் விடுதியில் ஸ்டவுட் என்னும் கறுப்பு பியர் கேட்டேன். உறைபெட்டியிலிருந்து எடுத்த, உள்ளும் புறமும் பனி பூத்த கிளாசில் அதை ஊற்றித் தந்தார்கள். நாக்கு மரத்ததே தவிர வாசம் எதுவும் எழவில்லை. இது என்ன வகை, மதுசாரம் எத்தனை வீதம் என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "கறுப்பு பியர், ஐயா" என்றார். அவரில் பிழையில்லை, விலைப்பட்டியலிலும் அவ்வளவுதான் இருந்தது.

கறுப்பிலும் பல உண்டு என்பதை நானும் மகனைப் பார்க்க இலண்டன் போனபோதுதான் அறிந்தேன். பைன்டின் மூன்றிலொரு பங்கு, ஏறக்குறைய 190 மில்லிலீற்றர், அங்கே சட்டப்படியான அளவு என்பதால், சிறிய பியர் ஆலைகளின் மூன்று வகைகளை ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. சுமைதூக்கிகளால் பெயர்பெற்ற போர்ட்டர் மென்மையாக இருந்தது. அதன் கடுமையான வடிவத்துக்கே முதலில் ஸ்டவுட் என்று பெயர். வறுத்த பார்லி சேர்த்த ஐரிஷ் ஸ்டவுட், சீனி போடாத கோப்பியேதான். பால் ஸ்டவுட்டில் சேர்க்கும் லக்ரோசை, அதாவது பாலிலுள்ள சீனியை, மதுவத்தால் (ஈஸ்ட்) நொதிக்க வைக்க முடியாது என்பதால் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. எனக்கு அது இருமல் பாணியை நினைவூட்டியது.

ஊர் திரும்பிய பிறகே என் விருப்பம் எதுவென்று தெளிந்தது. வெக்கை நாடுகளில் வேரூன்றிய வெப்பமண்டல ஸ்டவுட்டைப் பெரும்பாலும் லாகர் என்னும் வழக்கமான வெளிர்நிற பியருக்குரிய மதுவத்தைக் கொண்டே, ஆனால் லாகருக்குரியதைவிடக் கூடிய வெப்பத்தில் நொதிக்க வைக்கிறார்கள். அமெரிக்க பியர் நடுவர் அமைப்பின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி இதைத் தனி வகையாக வகுத்து, உதாரணங்களுள் ஒன்றாக நம் நாட்டு லயன் ஸ்டவுட்டையும் காட்டுகிறது. இலண்டன்வரை அலைந்தவனுக்கு விடை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. போத்தலை வெளியே எடுத்து, அதன் மேல் முத்து முத்தாக அரும்பும் நீர் வழிந்து மேசையில் வளையமிடும் வரை, ஏறக்குறைய இருபது நிமிடம், பொறுத்திருப்பேன். பிறகு ஊற்றினால் கருகிய பனங்கட்டியும் முந்திரிகை வற்றலும் மணக்கும். பக்கத்தில் மிளகு தூக்கலான கணவாய்ப் பிரட்டல் இருந்தால் வேறொன்றும் வேண்டாம்.

எனவே, ஸ்டவுட்டைப் பத்து முதல் பன்னிரண்டு பாகை செல்சியசில், உறைய வைக்காத கிளாசில் தாருங்கள்; ஒரு போத்தலை நால்வர் பகிர்ந்து சுவைக்கச் சிறு கிளாஸ்களும் வைத்திருங்கள். பட்டியலில் வகையையும் வீதத்தையும் கட்டாயம் அச்சிடுங்கள். லயன் ஸ்டவுட் 8.8 வீதம், அது தெரியாமல் சாதாரண லாகரைப் போல இரண்டு போத்தலை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் நிலாவெளி வீதியில் ஏறுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

போயா கழிந்த மறுநாள் மாலை அதே விடுதிக்கு வருவேன். எனக்குரிய கிளாசை மட்டுமாவது அன்று உறைபெட்டிக்கு வெளியே வைத்திருங்கள்.

இங்ஙனம்,
திருகோணமலை வாசி ஒருவன்