வடக்கு வயல் மண் இன்னும் வயலில்தான் இருக்கிறது

தென்கரை
மாசி 5

மாப்பிள்ளை சோமுவுக்கு,

நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

மூன்று மாதமாகப் போனை எடுக்காததற்கு என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும். அதில் பாதி எனக்குத் தகும். கார்த்திகையில் நீ சொன்னாய்: "வடக்கு வயல் மேல்மண்ணைச் சூளைக்காரருக்குக் கொடுத்துவிடு. 3 அடி போனால் என்ன, கீழேயும் மண்தானே இருக்கு." நானும் சரி என்றேன். ஆள் வந்து இரண்டு தடவை அளந்துவிட்டுப் போனார். முன்பணத்தை நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. வாங்கவில்லை என்று உன்னிடம் சொல்ல வாயும் வரவில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

பொங்கலுக்குச் செல்வி வந்திருந்தாள். பெங்களூரில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீயும் நானும் நாலு வருஷமாகக் கேட்கிறோம், அவளும் "புழு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். இந்தத் தடவை விடவில்லை. "சரி, காட்டுகிறேன்" என்று மம்பட்டியை எடுத்துக்கொண்டு நேரே உன் வயலுக்குப் போய்விட்டாள். அறுவடை முடிந்து ஈரம் காயாத மண். ஒரு கைப்பிடி எடுத்து வந்து, மெல்லிய காகிதத்தில் பொதிந்து, மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலில் வைத்தாள் (கழுவிய பிறகுதான்). புனலின் அடியில் ரப்பர் குழாய், அதை நெருக்க ஒரு கிளிப். மண் நனைகிற அளவுக்குத் தண்ணீர். அவ்வளவுதான் கருவி. ராத்திரி முழுக்க உள்ளேயிருக்கிற நூற்புழுக்கள் நெளிந்து நெளிந்து தண்ணீருக்குள் இறங்கி அடியில் போய்த் தங்குமாம். காலையில் கிளிப்பைத் தளர்த்தி நாலு சொட்டு விட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிவந்த மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

டேய், கண்ணாடி நூல்! ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெளிகிறது. வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான், நம் வயல் மண்ணை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. எல்லாமே நல்ல பிள்ளைகள் என்று நினைத்துவிடாதே. ஒன்றுக்கு வாயில் ஊசி இருந்தது, நெல் வேரைக் குத்திக் குடிக்கிற ரகம்.

செல்வி வைத்திருக்கிற புழு இவற்றின் ஒன்றுவிட்ட சொந்தம். பேர் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், அழுகிய பழத்திலும் மட்கும் செடியிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்ப்பது இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் காளான் வளர்க்கும் உரத்திலிருந்து எடுத்த வம்சம். முட்டை, விந்து உண்டாக்கும் செல்களை விட்டுவிட்டால், வளர்ந்த புழுவின் உடம்பில் 959 செல்தான். எண்ணி முடித்துவிட்டார்கள்!

இனிமேல்தான் விஷயமே. கண்ணில் இருக்கிற செல்லிலும் ஈரலில் இருக்கிற செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான், மனிதனுக்குச் சுமார் 20,000. பிறகு கண் ஏன் ஈரலாகவில்லை? பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் ஒன்றுதான், எந்த மடையை எப்போது திறப்பது என்பதில்தானே விளைச்சல் இருக்கிறது, அதுபோல என்று நான் சொன்னேன். "பரவாயில்லையேப்பா" என்றாள். பெற்ற மகளிடம் பாஸ் மார்க் வாங்கினேன்.

இந்தப் புழுவில் ஒரு கோளாறான ரகம் உண்டு. குஞ்சின் முதல் பருவத்தில் செய்ய வேண்டியதையே வளர்ந்த பிறகும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். நம்ம பாண்டி ஒன்பதாம் வகுப்பு மாதிரி. காரணம் என்னவென்று விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்று இரண்டு பேர் தோண்டினார்கள். லின்-4 என்ற மரபணு கெட்டுப் போயிருந்தது. அது புரதம் எதையும் செய்வதில்லை, 22 எழுத்து நீளத்தில் ஒரு துணுக்கு ஆர்என்ஏவை (மரபணுவைப் பார்த்து எழுதின நகல்) மட்டும் விடுகிறது. அந்தத் துணுக்கு, புரதம் செய்யச் சொல்லி இன்னொரு மரபணு அனுப்பிய செய்தியோடு ஒட்டிக்கொண்டு அதை நிறைவேற விடாமல் தடுக்கிறது. அதாவது மடை திறந்துதான் இருக்கிறது, கீழே வரப்பில் ஒருவன் மம்பட்டியோடு நின்று அடைக்கிறான். 1993இல் இதைச் சொன்னபோது புழுவின் கிறுக்கு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். 2000இல் அதே மாதிரி இன்னொரு துணுக்கு மனிதச் செல்லிலும் இருப்பது தெரிந்தது. இப்போது மனிதனிடம் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 2024இல் இருவருக்கும் நோபல்.

"இதற்கும் என் வயலுக்கும் என்னடா" என்கிறாய். வருகிறேன்.

போன வருஷம் உன் ஸ்டென்ட் அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாயே, செல்வி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரத்தக்குழாயை விரித்து வைக்கிற அந்தக் கம்பியின் மேல் பூசியது சிரோலிமஸ் என்ற மருந்து. "சோமு மாமா நெஞ்சுக்குள்ள மண் மருந்து இருக்குப்பா" என்றாள். 1964இல் கனடாவிலிருந்து பசிபிக் கடலில் இருக்கிற ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு மருத்துவக் குழு அங்கிருந்து மண் அள்ளி வந்தது. அதில் இருந்த ஒரு பாக்டீரியா சுரந்த சரக்கு இது. தீவின் சொந்தப் பேர் ராப்பா நூயி, அதனால் முதலில் ராப்பாமைசின் என்று வைத்தார்கள். பூஞ்சையைக் கொல்லும் மருந்தாகத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் பார்த்தால் மனிதச் செல்லுக்குள் வளர்ச்சியை முடுக்கிவிடுகிற புரதம் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது. உன் ரத்தக்குழாய்ச் சுவர் மறுபடி தடித்து அடைத்துக்கொள்ளாமல் காவல் நின்றது அதுதான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது.

கிழக்கே பெரியவர் வயலை மூன்று வருஷத்துக்கு முன் தோண்டிக் கொடுத்தார்களே, அங்கேயும் ஒரு கைப்பிடி எடுத்துப் புனலில் வைத்தோம். தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடியை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று செல்வி அதட்டினாள். சரி, கட்டவில்லை. ஆனால் பள்ளமாகிப்போன அந்த வயலில் பாய்ந்த தண்ணீர் வடியவில்லை, என் வயல் ஈரமும் அங்கே இறங்கிவிடுகிறது. இதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம், வரப்பில் நின்றால் தெரியும்.

பையன் வீட்டுக் கடனுக்காகத்தான் கேட்கிறாய் என்று தெரியும். அந்த 70 சென்ட்டையும் நானே குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன், இரண்டு வருஷப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன். சூளைக்காரர் சொன்னதில் பாதிகூட வராது, அதுவும் உண்மை. முடியாது என்றால் சொல், வயல் உன்னுடையது. ஆனால் டிப்பர் வருகிற அன்று நீ நேரில் வந்து நில். என்னால் நிற்க முடியாது.

பாண்டியிடம் அந்தப் புழுக் கதையை இன்னும் சொல்லவில்லை. நீ வந்ததும் சேர்ந்து சொல்வோம்.

உன்
கருப்பையா