டிராக்பால் சென்சிட்டிவிட்டி: மகளுக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

நீ செய்துவைத்திருக்கும் ஆர்கேட் பெட்டியில், விழும் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் மிசைல் கமாண்ட் விளையாட்டை ஆடும்போது, பந்தை வேகமாக உருட்டினால் திரையில் குறி எதிர்த்திசையில் ஓடுகிறது என்றும், டிராக்பால் (கையால் உருட்டும் அந்தப் பந்துக் கருவி) கெட்டுவிட்டதோ என்றும் போனில் கேட்டாய். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணு. பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருளான மேம் எமுலேட்டரில், அந்த விளையாட்டுக்குரிய சென்சிட்டிவிட்டி, அதாவது பந்தின் அசைவில் எவ்வளவு விளையாட்டுக்குள் போகிறது என்ற அளவு, அதிகமாக இருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற விளையாட்டுகளுக்கும் நீயே அமைத்துக்கொள்ளலாம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

1980-இல் அட்டாரி வெளியிட்ட அந்த இயந்திரத்தில், பந்தைத் தாங்கும் ரோலர்கள் சுழலும்போது, அவற்றோடு சேர்ந்து சுழலும் பல் வைத்த வட்டுகள் ஒளியை விட்டு விட்டு மறைத்துத் துடிப்புகளை உண்டாக்கும். அவற்றைக் கணக்கிட, கிடை அசைவுக்கும் நெடுக்கு அசைவுக்கும் தனித்தனியாக 4 பிட் எண்ணிகள் இருந்தன. ஓர் எண்ணி 0 முதல் 15 வரை போய், மறுபடி 0-க்குத் திரும்பிவிடும். விளையாட்டின் நிரல் மிகக் குறுகிய இடைவெளிகளில் எண்ணியைப் பார்த்து, முன்பு பார்த்த எண்ணுக்கும் இப்போதுள்ள எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே பந்து எந்தப் பக்கம் எவ்வளவு உருண்டது என்று முடிவு செய்கிறது. அந்த இடைவெளியில் 3 கூடினால் சரியாகப் புரிந்துகொள்ளும். 13 கூடினாலோ, 16 படிகளில் எண்ணி ஒரு முழுச் சுற்று வந்துவிடுவதால், 3 குறைந்ததாகவே அதற்குத் தோன்றும். நீ பார்த்த எதிர் ஓட்டம் இதுதான். உன் யுஎஸ்பி டிராக்பால் அந்தக் காலத்துப் பந்தைவிட மிக அதிகமான துடிப்புகளை அனுப்புகிறது. அவற்றை அப்படியே உள்ளே விட்டால் எண்ணி நிரம்பி வழியத்தான் செய்யும்.

விளையாட்டு ஓடும்போது டேப் விசையை அழுத்தி, அனலாக் அமைப்புகள் உள்ள பகுதிக்குப் போ. அங்கே சென்சிட்டிவிட்டி 1 முதல் 255 வரை இருக்கும்; 100 என்றால் பந்து அனுப்புவது மாறாமல் போகிறது, 50 என்றால் பாதி போகிறது. அருகில் உள்ள டிஜிட்டல் வேகம் விசைப்பலகையால் ஆடுபவர்களுக்கு உரியது, அதை விட்டுவிடு.

முதலில் சென்சிட்டிவிட்டி எண்ணை நன்றாகக் குறைத்து, உள்ளங்கையால் உன்னால் முடிந்த அளவு வேகமாகப் பந்தைச் சுழற்றிப் பார். குறி ஒரே திசையில் போனால் சிறிது கூட்டி மறுபடி சுழற்று. எதிர்த்திசையில் ஒரு சிறு துள்ளல் தெரிந்தவுடன் நிறுத்து. அதுதான் உச்ச வரம்பு, அதற்குக் கீழேதான் எப்போதும் இருக்க வேண்டும். அடுத்து, இடது ஓரத்து ஏவுதளத்தின் மேலிருந்து வலது ஓரத்து ஏவுதளம் வரை இயல்பான ஒரே உருட்டலில் குறி போய்ச் சேர்கிறதா என்று பார். மூன்றாவதாக, ஒரே விரலால் பந்தை மெல்லத் தள்ளி, விழுந்துகொண்டிருக்கும் ஏவுகணைக்குச் சற்று முன்னால் குறியை நிறுத்த முடிகிறதா என்று சோதி. எனக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் முக்கியம். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நிதானம் குறையக் கூடாது.

மிசைல் கமாண்டில் கிடைத்த எண்ணை 1981-இன் சென்டிபீடுக்கு அப்படியே போடாதே. அங்கே உன் ஆட்டக்காரர் திரையின் அடிப்பகுதியை விட்டு மேலே போக முடியாது; எனவே கிடை ஓட்டத்தைக் கவனித்து அமை. 1984-இன் மார்பிள் மேட்னஸ் இயந்திரத்தில் பந்து 45 பாகை திருப்பிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கணக்கை எமுலேட்டரே செய்துகொள்ளும் என்பதால், நீ பலகையில் உன் பந்தைச் சாய்த்துப் பொருத்த வேண்டாம். வேறொருவர் தரும் எண்ணும் உனக்கு உதவாது, ஏனென்றால் அவருடைய பந்து அனுப்பும் துடிப்புகள் வேறு.

எதையும் அமைப்பதற்கு முன் பந்தை வெளியே எடுத்து ரோலர்களைப் பார். கை எண்ணெயும் தூசியும் சேர்ந்து, ரோலரின் நடுவில் கருப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். அது இருந்தால் பந்து வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். எந்த எண்ணைப் போட்டாலும் கைக்கு வராது. பிளேடால் சுரண்டாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடு.

பொங்கலுக்குப் பெட்டியை இங்கே கொண்டுவருவதாகச் சொன்னாய். தை மாதக் காலையில் நம் சர்வீஸ் கடையில் உள்ள பெட்டியின் பந்தே கனத்துப் போய்த்தான் உருளும்; குளிரில் பேரிங் கிரீஸ் இறுகிவிடுகிறது. அதைப் பார்த்து நீ எண்ணைக் கூட்டிவிடாதே, வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடும். ஒவ்வொரு விளையாட்டின் அமைப்பும் சிஎஃப்ஜி என்ற கோப்புறையில் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. புறப்படும் முன் அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா