அரை மணி நேரம் தனியாக விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் 9 ஆண்டுகளாக டேட்டாபேஸ் வேலை செய்பவள். சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் நான்காவது சுற்றுவரை போனேன். முதல் மூன்றில் சிரமமே இல்லை. மெதுவாக ஓடும் ஒரு குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையை, கொடுத்துக் காரணம் கேட்டார்கள். தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் (மதிப்பை மாற்றிக் கணக்கிடும் சூத்திரம்) போட்டிருந்ததால், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் பயன்படாமல் கிடந்தது. பார்த்ததுமே சொல்லிவிட்டேன்.

நான்காவது சுற்று வீடியோ அழைப்பில். ஒரு லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் சங்கிலி போன்ற பட்டியல்) எங்காவது திரும்பி வந்து தன்னோடே சேர்ந்துகொள்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். எதிரே இரண்டு பேர். “மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்” என்றார்கள். விடை எனக்குத் தெரியும்: ஒரு பாயின்டர் (பட்டியலில் ஓர் இடத்தைச் சுட்டும் குறி) ஓரடி ஓரடியாகவும் இன்னொன்று ஈரடி ஈரடியாகவும் நகர வேண்டும், சுழல் இருந்தால் இரண்டும் எங்காவது சந்தித்தே தீரும். ஆனால் பேச வாயெடுத்தால் யோசனை அறுந்தது, யோசித்தால் பேச்சு நின்றது. “சைலன்ட் ஆகிட்டீங்களே” என்று ஒருவர் சொன்னதும் இருந்ததும் போய்விட்டது. அழைப்பு முடிந்தபின் அதே நாற்காலியில் உட்கார்ந்து 12 நிமிடத்தில் எழுதினேன். முதல் ஓட்டத்திலேயே சரியாக வந்தது. அதை அவர்களுக்கு அனுப்பினேன். நிராகரிப்பு மட்டும் இரண்டு வரியில் வந்தது.

இது என் ஒருத்தியின் பதற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேர். பாதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே வெள்ளைப்பலகையில் எழுதினார்கள். மீதிப் பேர் தனி அறையில். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தனி அறையில் எழுதிய பெண்கள் அனைவரும் சரியாக எழுதினார்கள்; பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சக ஊழியர்களிடம் விளக்கிப் பேசத் தெரிய வேண்டும் என்பார்கள். சரி, நானும் அன்றாடம் செய்வதுதான் அது. எழுதி முடித்தபின் பேசுகிறோம், எழுதும்போது அல்ல. தேர்வு நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: கேள்வியைக் கொடுத்துவிட்டு கேமராவை அணைத்து அரை மணி நேரம் விலகியிருங்கள். பிறகு வந்து, ஏன் இப்படி எழுதினாய், லிஸ்ட் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று எவ்வளவு வேண்டுமானாலும் துருவிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்