வியாபாரிகள் சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், செயற்குழு, உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விருந்து, ரத்த தானம், தீபாவளி அன்பளிப்பு எல்லாம் வழக்கம்போல நல்லா நடந்துச்சு, உழைச்சவங்களுக்கு நன்றி, கணக்கை பொருளாளர் அக்கா வாசிப்பாங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது நம்ம மாதாந்திர கலந்துரையாடல் பத்தி. ஒரு தொழில்ல யார் முடிவெடுக்கறாங்க, யார் யார்கிட்ட பேசலாம்ங்கறது அந்த தொழில் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுறத எப்படி பாதிக்குதுன்னு பேசுனோம். நோக்கியா பத்தி பேசுன அன்னிக்கு நாற்காலி பத்தல. 2007ல ஐபோன் வந்தப்ப உலகத்துலயே அதிகமா போன் வித்தது அவங்கதான், 2013ல அந்த போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விக்கறதா அறிவிச்சாங்க. திறமைக்கு அங்க பஞ்சமே இல்ல. இன்சியாட்ங்கற வணிகக் கல்லூரியோட (நம்ம சிங்கப்பூர் ஒன்-நார்த்லயும் இவங்க வளாகம் இருக்கு) ஆராய்ச்சியாளர் ஒருத்தர் இன்னொருத்தரோட சேர்ந்து அங்க வேலை பார்த்தவங்கள பேட்டி எடுத்தப்ப வெளிய வந்தது பயம்தான், நோக்கியா போன்ல ஓடுன சிம்பியன்ங்கற மென்பொருள் பின்தங்குதுன்னு நடுவுல இருந்த மேனேஜர்களுக்கு தெரியும், ஆனா மேல சொன்னா திட்டு விழும்னு நல்ல செய்தியா பார்த்து சொல்லியிருக்காங்க, மேல இருந்தவங்களும் அதை நம்பி இன்னும் சீக்கிரம் முடிங்கன்னு நெருக்கியிருக்காங்க.

நம்ம கடைங்க சின்னதுதானே, நமக்கென்னன்னு சில பேர் கேட்டாங்க. ஆனா பல கடையில மொத்த வியாபாரி நம்பர்ல இருந்து கடன் கணக்கு வரைக்கும் முதலாளி ஒருத்தர் தலைக்குள்ளதான் இருக்கு. 2020 ஏப்ரல் 7ல கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர்ங்கற ஊரடங்கு ஆரம்பிச்சப்ப, கல்லாவுல இருந்த தம்பிகிட்டயே ஆர்டரையும் டெலிவரியையும் விட்ட கடைங்க உடனே வாட்ஸ்அப்ல வித்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் முதலாளிய கேக்கணும்னு இருந்த கடைங்க திணறுச்சுன்னு உறுப்பினர்களே சொன்னாங்க. அதுக்காக எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் விட்டுடணும்னு நான் சொல்லல. இங்க ஜிஎஸ்டி வரி 2023ல 8 சதவீதம், 2024ல 9 சதவீதம் ஆச்சு, அந்த மாதிரி விஷயத்துல பொறுப்பு ஒருத்தர் கையில இருக்கறதுதான் நல்லது. விலை, சரக்கு, வாடிக்கையாளர் புகார், இதெல்லாம் கடையில நிக்கறவங்க முடிவு பண்ணட்டும். முக்கியமா, நஷ்டமான செய்திய சொன்ன பிள்ளைய திட்டாதீங்க, தயவுசெஞ்சு.

இதே பிரச்சனை சங்கத்துலயும் இருக்கு. ஒரு பேனர் அடிக்கக்கூட முழு செயற்குழு கூடணும், இளையர் பிரிவு நல்ல யோசனையோட வந்தாலும் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காங்க, அதுக்குள்ள அந்த சீசனே முடிஞ்சிடுது. அதனால துணைக்குழுக்கள் ஒரு வரம்புக்குள்ள தாங்களே செலவு பண்ணலாம், அடுத்த கூட்டத்துல கணக்கு காட்டணும்னு விதித் திருத்தம் கொண்டு வர்றோம். இன்னிக்கு நீங்க ஓட்டு போட்டு நிறைவேத்துனாலும் சங்கப் பதிவாளர் அனுமதி வந்தாதான் நடைமுறைக்கு வரும். வரம்பு எவ்வளவுன்னு இந்த சபைதான் முடிவு பண்ணணும், பொருளாளர் அக்கா கணக்கு வாசிச்சதும் அதை எடுத்துக்கலாம்.